கழுத்துத் தமனி அடைப்பை நீக்கிய பின் மூளைக்கு ரத்தம் கூடினால் நல்லதுதானே?

நாகை மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 71 வயது, விவசாயி. நெடுநாளாகச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உண்டு, பீடிப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஒருநாள் காலை காபி டம்ளரை எடுக்கப் போனபோது வலது கை பிடி கொள்ளாமல் டம்ளர் நழுவியிருக்கிறது. என்ன ஆயிற்று என்று கேட்டால் வாய் குழறியிருக்கிறது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் சில சிறு புள்ளிகள் தெரிந்தன. கழுத்து டாப்ளர் (ஒலி அலை ஸ்கேன்) அறிக்கை இடது கரோடிட் தமனியில், அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில், 93 விழுக்காடு அடைப்பு என்கிறது, சி.டி. ஆஞ்சியோ அறிக்கையோ 75 விழுக்காடு என்கிறது. வலது தமனியில் 50 விழுக்காடு. மூளை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பெர்ஃபியூஷன் ஸ்கேனில், ‘இடப்பக்கம் ரத்தம் வந்து சேர்வதில் தாமதம்; ரத்தக் கொள்ளளவு சற்றுக் கூடுதல்; ரத்த ஓட்டம் குறையவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ரத்த ஓட்டம் குறையவில்லை என்று எழுதியிருக்கும்போது கழுத்தைக் கீறுவானேன் என்கிறார் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன். ஆடி முடியட்டும், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. அறுவைக்கு முன் ஆஸ்பிரினை நிறுத்திவிட வேண்டும் என்று மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அடைப்பு போனால் அப்பாவின் மறதியும் போய்விடும் என்று அம்மா நம்புகிறார். ஆசிரியைக்குள்ள பயம் வேறு: இதே அறுவை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய உறவினர் ஒருவருக்கு, ஆறாம் நாள் கடும் தலைவலி வந்து, வலிப்பு வந்து, மூளையில் ரத்தக் கசிவு என்று சொல்லியிருக்கிறார்கள். “ரத்த ஓட்டம் கூடுவதற்குத்தானே அறுவை செய்கிறோம்? கூடினால் அது எப்படி ஆபத்தாகும்? அறுவைக்குப் பிறகும் இந்த ஸ்கேனை எடுக்க வேண்டாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் கடத்தக் கூடாத விஷயம் என்பதால், ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள், ஆடி முடியக் காத்திருக்காதீர்கள் என்று உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே இறுதி முடிவு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நரம்பியல் மருத்துவரும் ரத்தநாள அறுவை நிபுணரும் உங்களோடு பேசி எடுக்க வேண்டியது.

உங்கள் வீட்டில் எல்லோருடைய பேச்சுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: இந்த அறுவை மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுவதற்காகச் செய்யப்படுகிறது என்பது. அண்ணன் வேண்டாம் என்பதும், அம்மா மறதி போகும் என்று நம்புவதும், நீங்கள் பயப்படுவதும் அந்த எண்ணத்திலிருந்து கிளைப்பவையே. அதைத் திருத்திக்கொண்டால் மற்றவை தாமாக நேர்ப்படும்.

அன்று காலை நடந்தது என்ன

கரோடிட் தமனி கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து ஒரு மேடு உருவாகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த மேடு ரத்தத்தை மறிப்பதால் பக்கவாதம் வருவதில்லை. மேட்டின் மேற்பரப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, அந்த உறைவிலிருந்து சிறு துணுக்குகள் பிய்ந்து மூளைக்குள் போய்ச் சிக்குவதால்தான் வருகிறது. உங்கள் அப்பாவின் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் சிறு புள்ளிகள் அநேகமாக அப்படிப் போன துணுக்குகள் விட்ட தடங்கள். இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டதே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. மேடு இன்னும் புண்ணாக இருக்கிறது. அடுத்த துணுக்கு எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. எண்டார்டெரெக்டமி என்கிற இந்த அறுவையில் அந்த மேட்டை உட்சுவரோடு சேர்த்து உரித்து எடுத்துவிடுகிறார்கள். துணுக்குகள் கிளம்பும் இடத்தையே இல்லாமல் செய்வதுதான் முதல் நோக்கம். ரத்த ஓட்டம் சீராவது அதோடு கிடைக்கிற பலன்.

ஓட்டத்தை மட்டும் கூட்டினால் பக்கவாதம் குறையுமா என்பதை மருத்துவ உலகம் தனியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. கரோடிட் முழுதாக அடைபட்டுப் போனவர்களுக்கு, மண்டைக்கு வெளியே ஓடும் தமனி ஒன்றை உள்ளே இருக்கும் தமனியோடு இணைத்து மாற்றுப் பாதை போட்டார்கள். 1985இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. ரத்தப் பற்றாக்குறை உண்மையிலேயே இருப்பவர்களை மட்டும் பெட் ஸ்கேன் மூலம் தேர்ந்தெடுத்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. அதிலும் இரண்டு ஆண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 22.7 விழுக்காட்டினருக்கும் பக்கவாதம் முதலிய பாதிப்புகள் வந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மாறாக, உங்கள் அப்பாவைப் போல அறிகுறி வந்து, அடைப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது. மேட்டை எடுத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கே வந்தது. கொழுப்பைக் குறைக்கும் இன்றைய ஸ்டாட்டின் மருந்துகள் பரவலாக வருவதற்கு முந்தைய கணக்கு அது என்பதால் இன்றைய இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அறிகுறியோடு வந்த பெரிய அடைப்புக்கு அறுவை என்ற முடிவு மாறவில்லை.

93ஆ, 75ஆ?

இரண்டு மையங்களில் ஒன்று பொய் சொல்கிறது என்று அண்ணன் சந்தேகப்பட வேண்டாம். அடைப்பை விட்டத்தில் அளக்கலாம், குறுக்குப் பரப்பிலும் அளக்கலாம். குழாயின் விட்டம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால் அது 75 விழுக்காடு அடைப்பு. அதே குழாயின் குறுக்குப் பரப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 94. எந்தக் கணக்கு என்று டாப்ளர் அறிக்கையில் எழுதாமல் விடுவது நம் ஊர் ஸ்கேன் மையங்களில் அடிக்கடி நடக்கிற குறை. அறுவை வேண்டுமா என்று தீர்மானிக்கப் பயன்படும் எல்லைகள் விட்டக் கணக்கில் அமைந்தவை. ஆகவே 75 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும்: பரப்பில் 70 என்று எழுதினால் விட்டத்தில் அது 45 அளவுதான், அதற்கு அறுவை தேவைப்படாது. எண்ணைப் பார்த்தவுடன் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

‘ரத்த ஓட்டம் குறையவில்லை’ என்ற வரி

பெர்ஃபியூஷன் அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் அண்ணன் படித்திருக்கிறார். மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் பொருள் வேறு. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் தேவை. உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கழுத்தில் பாதை குறுகி அழுத்தம் குறையும்போது, மூளைக்குள் இருக்கும் நுண்தமனிகள் தாமாகவே விரிந்து கொடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றுகின்றன. மூளையின் அடித்தளத்தில் உள்ள தமனி வளையம் வழியாக எதிர்ப்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் உதவி வருகிறது. ஆனால் அந்த வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைந்திருப்பதில்லை.

ஆக, சேர்வதில் தாமதம் என்றால் ரத்தம் சுற்றுவழியிலும் குறைந்த அழுத்தத்திலும் வருகிறது என்று பொருள். கொள்ளளவு கூடுதல் என்றால் நுண்தமனிகள் ஏற்கெனவே விரிந்து நிற்கின்றன. ஓட்டம் குறையவில்லை என்றால் அந்தச் சமாளிப்பு இன்றுவரை பலித்திருக்கிறது. இன்னும் எவ்வளவு விரிய இடம் பாக்கி இருக்கிறது என்பதைத் தனிச் சோதனையால் பார்க்கலாம்: அசெட்டசோலமைடு என்ற மருந்தைச் செலுத்தியோ, சிறிது நேரம் மூச்சை அடக்கச் சொல்லியோ ரத்த ஓட்டம் ஏறுகிறதா என்று அளப்பார்கள். ஆரோக்கியமான பக்கத்தில் ஏறும். கையிருப்பு தீர்ந்த பக்கத்தில் ஏறாது, சில வேளை இறங்கவும் செய்யும். உங்கள் அப்பாவுக்கு அறுவை வேண்டுமா என்று முடிவு செய்ய இந்தச் சோதனை அவசியமில்லை; அதை அறிகுறியும் 75 என்ற எண்ணும் முடிவு செய்துவிட்டன. அறுவைக்குப் பின் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இந்த அளவீடுகள் உதவும். உங்கள் உறவினரின் கதைக்கு இப்போது வரலாம்.

கூடினால் எப்படி ஆபத்தாகும்?

உங்கள் அப்பாவுக்கு நானே சொல்வதாக இருந்தால் கடைமடை வயலைக் காட்டித்தான் சொல்வேன். வாய்க்காலில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும் காலத்தில் எல்லா மடையையும் அகலத் திறந்து வைத்திருப்போம். அப்படி நெடுநாள் திறந்தே கிடந்த மடை மண்ணேறி மூட வராமல் போய்விட்டால், ஆற்றில் முழுத் தண்ணீர் விட்ட அன்று வரப்பு உடையும். பல மாதம் விரிந்தே இருந்த நுண்தமனிகள், கழுத்துப் பாதை திறந்தவுடன் சுருங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அவை சுருங்கிவிடுகின்றன. ஓட்டம் ஓரளவு கூடிச் சில நாட்களில் நிலைப்பட்டுவிடும். சுருங்கும் திறனை இழந்தவர்களுக்கு மட்டும், முழு அழுத்தமும் பழக்கப்படாத மெல்லிய நாளங்களின் மேல் இறங்குகிறது. மூளை வீங்கும், வலிப்பு வரும், மிகச் சிலருக்கு ரத்தம் கசியும்.

அறுவைக்கு முன் இருந்த ஓட்டத்தைப் போல இரு மடங்குக்கு மேல் போனால் அதை மிகை ரத்த ஓட்டம் என்று கணக்கிடுவது வழக்கம். அளவீட்டில் அப்படித் தெரிபவர்கள் எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் என்று அறிகுறிகளோடு வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. ரத்தக் கசிவு வரை போவது அதிலும் குறைவு. உங்கள் உறவினருக்கு நேர்ந்தது அரிதானது, ஆனால் நடக்கக்கூடியது. அடைப்பு மிகக் கடுமையாக இருந்தவர்கள், எதிர்ப்பக்கத் தமனி முழுதும் மூடியவர்கள், இரண்டு பக்கமும் அடுத்தடுத்து அறுவை செய்துகொண்டவர்கள், முன்சொன்ன கையிருப்பு தீர்ந்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள்: இவர்களுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் அப்பாவுக்கு வலப்பக்கம் 50 விழுக்காடுதான் என்பது சாதகம். ரத்தக் கொதிப்பும், விரிந்து நிற்கும் நுண்தமனிகளும் பாதகம். அறுவையைத் தவிர்க்க இவை காரணம் ஆகா. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தைக் கவனமாகக் கடக்கத்தான் இவை காரணம்.

இதில் நம் கையில் இருப்பது ரத்த அழுத்தம் ஒன்றே. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அதைக் கடுமையாகக் கண்காணிப்பார்கள். ஆனால் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் தலைகாட்டுவது முதல் ஒரு வாரத்தை ஒட்டி, அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. சிலருக்கு ஒரு மாதம் வரை கூட. ஆகவே ஒரு டிஜிட்டல் பிரஷர் மானிட்டரை இப்போதே வாங்கிவிடுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவதாக இருக்கட்டும். காலையும் இரவும் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மேல் எண்ணைப் பல மையங்களில் 140க்குள் வைக்கச் சொல்வார்கள். உங்கள் அப்பாவுக்குரிய எல்லையை அவருடைய மருத்துவர் வீடு திரும்பும் சீட்டில் எண்ணாகவே எழுதித் தர வேண்டும். ‘பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாயால் சொல்வது போதாது. எண் எல்லையைத் தாண்டினால் அன்றே யாரை அழைப்பது என்ற கைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும்.

அறுவை நடந்த பக்கத்தில், அதாவது இடது நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ, விண்விண்ணென்று தலைவலி வந்தால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். வாந்தி, பார்வை மங்கல், பேச்சில் தடுமாற்றம், குழப்பம், கை துடிப்பது எதுவாயினும் 108ஐ அழைத்து, மூளை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்; கழுத்தில் என்ன அறுவை, எந்தத் தேதியில் நடந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் சாதாரண ஒற்றைத் தலைவலி என்று நினைத்துவிடாமல் இருக்க அது உதவும்.

அறுவைக்குப் பின் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. சி.டி. பெர்ஃபியூஷனில் கதிர்வீச்சும் உண்டு, ஊசிவழிச் செலுத்தும் சாய மருந்தும் உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அது சுமை. ‘முன்னும் பின்னும்’ என்று படத்தைப் பார்த்து மகிழ்வதற்காக அதை எடுக்க நான் சொல்ல மாட்டேன். தலைவலி வந்தாலோ, அறுவைக்கு முன்பே ஆபத்து கூடுதல் என்று தெரிந்திருந்தாலோ எடுக்கலாம். முன்பு எடுத்த படம் ஒப்பிட்டுப் பார்க்கக் கைவசம் இருப்பதுதான் அப்போது பெரிய உதவி. குறுந்தகட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அறுவை அரங்கிலும் கட்டிலருகிலும் செய்யக்கூடிய எளிய வழி ஒன்று உண்டு. பொட்டெலும்பின் மேல் டாப்ளர் கருவியை வைத்து, மூளையின் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைத் தொடர்ந்து அளப்பது. ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. மேட்டை எடுப்பதற்காகத் தமனியைக் கவ்வியால் மூடியிருக்கும் நேரத்தில் வேகம் மிகவும் இறங்கினால், தற்காலிகக் குழாய் ஒன்றைச் செருகி ரத்தத்தைக் கடத்துவார்கள். கவ்வியை எடுத்த பிறகு வேகம் இரு மடங்கைத் தாண்டி நின்றால் அழுத்தத்தை இன்னும் இறுக்குவார்கள். சிலருக்குப் பொட்டெலும்பு தடித்திருந்து ஒலி உள்ளே போகாது. அவர்களுக்கு இது பயன்படாது. உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி உண்டா, இல்லையென்றால் கவ்விய நேரத்தில் மூளையை எப்படிக் கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியைப் பேசவிட்டபடியே அறுவை செய்யும் மையங்களும் உண்டு. அந்த முறைக்கும் முழு மயக்கத்துக்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்று 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அந்தக் குழு எதில் கைதேர்ந்ததோ அதுவே நல்லது.

கழுத்துத் தமனியையே பார்க்கும் சாதாரண டாப்ளர் மட்டும் அறுவைக்குப் பின் சில மாதங்களுக்குள் ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் எடுப்பது பொதுவான நடைமுறை. மீண்டும் படிகிறதா, வலப்பக்கம் கூடுகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

ஆடி, ஆஸ்பிரின், ஸ்டென்ட், மறதி

சித்தப்பாவின் கவலையை அலட்சியப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் இந்த நோய்க்குக் கணக்கு மாதத்தில் இல்லை, அறிகுறி வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. 2004இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து ஆண்டுகளில் ஒரு பக்கவாதத்தைத் தடுக்க ஐந்து பேருக்குச் செய்தால் போதும்; பன்னிரண்டு வாரம் கடந்தால் 125 பேருக்குச் செய்ய வேண்டும். அறுவையின் அபாயம் அப்படியே இருக்க, பலன் மட்டும் கரைந்துவிடுகிறது. ஆவணி வரை பொறுத்திருந்து செய்வது, செய்யும் செலவையும் சிரமத்தையும் பாதி வீணாக்குவதாகும்.

ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் அறுவை நாளன்றும் தொடர வேண்டியவை. ஆஸ்பிரினைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதைத் தொடர்வதா என்று அறுவை நிபுணர் மட்டுமே சொல்லலாம். புண்ணாக இருக்கும் மேட்டை வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்துவது உறைவை அழைத்து வருவதற்குச் சமம்.

கழுத்தைக் கீறாமல் ஸ்டென்ட் (தமனியை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைக்கலாமே என்று யாராவது இனிமேல் சொல்லக்கூடும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஸ்டென்ட் வைத்தபோது பக்கவாதம் அதிகமாகவும், அறுவையின்போது மாரடைப்பு அதிகமாகவும் வந்தன. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே மேல் என்ற போக்கு தெரிந்தது. முன்பே கழுத்தில் அறுவையோ கதிர்சிகிச்சையோ நடந்தவர்களுக்கும், இதயம் மிகப் பலவீனமானவர்களுக்கும் ஸ்டென்ட் நல்ல மாற்று. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அறுவை நாளுக்கு முன் இதயத்தைப் பரிசோதித்துவிட்டார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது மறதி பற்றி. அறுவைக்குப் பின் சிலருக்குச் சிந்தனைத் தெளிவு கூடுகிறது, சிலருக்கு மாற்றமில்லை, சிலருக்குக் குறைகிறது. ஆய்வுகளின் முடிவுகள் ஒருமித்து இல்லை. நெடுநாள் சர்க்கரையும் கொதிப்பும் மூளையின் நுண்நாளங்களில் செய்த சேதத்தைக் கழுத்து அறுவை சரிசெய்யாது. மறதிக்குத் தனியாக நினைவாற்றல் சோதனை, தைராய்டு, பி12 பரிசோதனை எல்லாம் ஆகஸ்ட் செப்டம்பரில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

கையெழுத்திடும் முன்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது சடங்கல்ல. நோய் என்ன, சிகிச்சை என்ன, மாற்று என்ன, அபாயம் என்ன என்பதை விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் அப்பா இப்போது தெளிவாகப் பேசுகிறார், முடிவெடுக்கிறார் என்பதால் கையெழுத்தும் முடிவும் அவருடையவை. அண்ணனுடையவையோ உங்களுடையவையோ அல்ல. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் மருத்துவரைப் பார்ப்பது வேண்டாம்.

இந்த மையத்தில் இந்த அறுவைக்குப் பின் முப்பது நாளில் பக்கவாதமோ மரணமோ எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அறிகுறியோடு வருபவர்களுக்கு அது ஆறு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. நல்ல அறுவை நிபுணர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். நாக்கை அசைக்கும் நரம்பு, குரல் நரம்பு, உதட்டோர நரம்பு ஆகியவை அறுவை நடக்கும் இடத்திலேயே ஓடுவதால் சிலருக்குக் குரல் கம்மலோ வாய்க் கோணலோ வரும், பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும் என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காதுமடல் மரத்திருப்பது பலருக்கும் வருவது.

இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால் கேளுங்கள், ஆனால் அது இந்த வாரத்துக்குள் முடிய வேண்டும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஆனால் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் எம்.ஆர்.ஐ., சி.டி. குறுந்தகடுகளை இன்றே வாங்கிவிடுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் இன்னொரு நிபுணரால் எதுவும் சொல்ல முடியாது.

வலது தமனியின் 50 விழுக்காட்டுக்கு இப்போது அறுவை வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து எந்த அறிகுறியும் வரவில்லை. மாத்திரைகளும், சர்க்கரைக் கட்டுப்பாடும், பீடியை விடுவதும் அதற்குப் போதும். பீடியை அறுவை நாளுக்கு முன்பே விடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நான்கைந்து நாட்கள் கைக்குக் கிடைக்காது என்பதால், விடுவதற்கு அதைவிடத் தோதான வாரம் அவருக்கு வாய்க்காது.